மணற்கணக்கு

சென்ற பருவத்தில் ஒரு நாள், வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தோம். புகார்க் காண்டத்தில் நாடுகாண் காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரைவிட்டுப் புறப்பட்டு, காவிரிக் கரை வழியே நடந்து, அரங்கத்தை அடைந்து, ஓடமேறித் தென்கரை சேர்ந்து உறையூர் செல்லும் பகுதி. 'அரங்கம்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லவேண்டிய இடம் அது. ஆற்றிடைக்குறை என்று சொன்னோம். ஓடும் ஆறு இரண்டாகப் பிரிந்து செல்ல, இடையே மணலும் வண்டலும் சேர்ந்து மேடாகி எழும் நிலம். முக்கொம்பில் பிரிகின்ற காவிரியும் கொள்ளிடமும் கல்லணையருகே மீண்டும் நெருங்கி வருகின்றன. அவற்றின் நடுவே கிடப்பதுதான் திருவரங்கம். "நம் ஊரே காவிரி கொண்டுவந்து போட்ட மணல்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த ஊக்கத்திலேயே, இன்று ஆற்றில் மணல் கொள்ளைபோவதைப் பற்றி ஐந்து நிமிடம் ஆவேசமாகப் பேசினோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, எங்கப்பா மாட்டுவண்டியில மணல் அள்ளுறவரு. அள்ளக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றீங்க. சரிங்கய்யா. அப்ப நாங்க என்ன செய்யறதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்களே?"

அவன் குரலில் கோபம் இல்லை. ஐயம் கேட்கும் குரல்தான். நாம் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடித்ததில் நமக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை வீடு திரும்பும்போது இன்னொன்றும் உறைத்தது. நாம் குடியிருக்கும் வீடு 2011இல் கட்டியது. அதற்கு ஏறத்தாழ பதினெட்டு யூனிட் ஆற்று மணல் வாங்கினோம். லாரிகள் பெரும்பாலும் இரவில்தான் வந்தன. மணல் எங்கிருந்து வருகிறது, அனுமதிச் சீட்டு உண்டா என்று நாம் கேட்கவில்லை. மணல் பொடியாக இருக்கிறதா, பருமணலாக இருக்கிறதா என்பதைத்தான் கேட்டோம்.

இந்தக் கட்டுரை அந்த மாணவனுக்குச் சொல்லத் தவறிய பதில். தாமதமாகத்தான் சொல்கிறோம்.

சுற்றுச்சூழல் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு தட்டில் இயற்கை. மறு தட்டில் மனிதனின் நல்வாழ்வு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்பது அவர்கள் துணிபு. 1987இல் வெளிவந்த பிரண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை 'நீடித்த வளர்ச்சி' என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும்போது, வரும் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுத்துவிடக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல கருத்து. ஆனால் அதையும் நாம் தராசாகவே புரிந்துகொண்டோம்: இன்றைய ஏழைக்கு எதிராக நாளைய பேரன். அந்த மாணவன் கேட்டது இந்தத் தராசின் கேள்விதான்.

திருச்சிக்காரர்கள் இதற்கு விடை தேட நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை. ஆற்றுக்குள் இறங்கினால் போதும்.

கோடையில் காவிரி வற்றிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. நாம் சிறுவராக இருந்தபோது ஆறு வற்றினாலும் தண்ணீர் வற்றியதில்லை. அம்மா மண்டபத்துக்கு மேற்கே மணலில் பெண்கள் ஊற்றுத் தோண்டுவார்கள். முழங்கை ஆழம் தோண்டினால் ஈரம் தெரியும். இன்னும் ஒரு சாண் தோண்டினால் தண்ணீர் சுரக்கும். முதலில் கலங்கலாக வருவதைக் கொட்டாங்கச்சியால் இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால் கண்ணாடிபோல் தெளிந்த நீர் ஊறிவரும். குடத்தின் வாயில் துணி கட்ட வேண்டிய தேவையும் இல்லை. மணலே வடிகட்டித் தந்தது.

இன்று அதே ஆற்றில் பல இடங்களில் மணல் போய்க் களிமண் தெரிகிறது. கோரையும் நாணலும் சீமைக்கருவேலும் மண்டிக் கிடக்கின்றன. அங்கே தோண்டினால் ஊற்று வராது.

ஆற்று மணல் என்பது வெறும் கட்டுமானப் பொருள் அன்று. அது ஒரு பாத்திரம். மணற்பருக்கைகளுக்கு இடையே உள்ள வெற்றிடம், மொத்தக் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வெள்ளம் வரும்போது அந்த இடைவெளியெல்லாம் நீர் நிறைகிறது. திருச்சி மாநகரம் குடிக்கும் தண்ணீர் இந்தப் பாத்திரத்திலிருந்துதான் வருகிறது. கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடக் கரையிலும் ஆற்றுப்படுகையில் இறக்கப்பட்டிருக்கும் நீர்சேகரிப்புக் கிணறுகள் மணலுக்குள் இருக்கும் நீரைத்தான் உறிஞ்சுகின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் திருச்சி அருகே காவிரிப் படுகையையே நம்பியிருக்கிறது. நூறு மைல் தொலைவில் தாகத்தோடு இருப்பவருக்கும் நம் ஊர் மணலில் பங்கு உண்டு.

நம் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்த்தோம். ஒரு யூனிட் என்பது நூறு கனஅடி. பதினெட்டு யூனிட் என்றால் ஏறத்தாழ 51,000 லிட்டர் கொள்ளளவு. அதில் முப்பது விழுக்காடு இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 15,000 லிட்டர் நீர் நிற்கும். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதத் தண்ணீர். வெள்ளம் வரும் ஒவ்வோர் ஆண்டும் அந்த மணல் மீண்டும் நிரம்பியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் தந்திருக்கும். நாம் அதை எடுத்துச் சுவரில் பூசிவிட்டோம். இது தோராயக் கணக்குதான். ஆனால் மணலுக்குக் கொடுத்த விலையில் இந்தத் தண்ணீரின் விலை ஒரு காசுகூடச் சேர்ந்திருக்கவில்லை என்பது தோராயம் அன்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மணல் எடுத்த பள்ளத்தில் முழுக்கத் தண்ணீர்தானே நிற்கும்? மணல் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் முழுப் பங்கு. இலாபந்தானே என்று கேட்கலாம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளத்து நீர் வெயிலுக்குத் திறந்து கிடக்கிறது. ஆவியாகிறது, பாசி பிடிக்கிறது, ஊர்ச் சாக்கடையும் அதில்தான் கலக்கிறது. மணலுக்குள் இருக்கும் நீருக்கோ கூரையும் உண்டு, வடிகட்டியும் உண்டு.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஆற்றின் தரை இறங்கினால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே இறங்கும். நிலத்தடி நீர் தாழ்ந்த இடம் தேடிப் போகும் இயல்புடையது. ஆழமாகிவிட்ட ஆறு சுற்றியிருக்கும் வயல்களின் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். மறுபுறம், ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் தலைமதகுகள் பழைய தரைமட்டத்தை வைத்துக் கட்டப்பட்டவை. பேட்டைவாய்த்தலையில் தொடங்கித் திருச்சி நகரின் ஊடாகப் போகும் உய்யக்கொண்டான் போன்ற பழைய வாய்க்கால்கள் அந்த மட்டத்தை நம்பித்தான் வெட்டப்பட்டன. ஆறு ஓடும்; ஆனால் மதகின் வாய்க்கு எட்டாமல் கீழே ஓடும். தண்ணீர் கண்ணில் படும், வயலில் பாயாது.

மணலும் நீர்மட்டமும் எவ்வளவு நுட்பமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதை நம் ஊர் வரலாறு ஒருமுறை நேரெதிராகவும் காட்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவரங்கத் தீவின் மேற்கு முனையில் சிக்கல் மணல் குறைந்ததால் வரவில்லை; மணல் மிகுந்ததால் வந்தது. காவிரியின் தரை மணலேறி உயர்ந்தது; கொள்ளிடத்தின் தரை தாழ்வாக இருந்தது. தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலுக்குப் போக, தஞ்சை வயல்கள் வாடின. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியது அந்தச் சரிவைச் சரிசெய்யத்தான். மணலின்மீது கட்டடம் நிற்குமா என்ற அச்சத்தைப் போக்கியது கல்லணை. ஆழம் காணமுடியாத ஆற்று மணலில் அடித்தளம் அமைக்கும் கலையைத் தமிழ்நாட்டின் பழைய கட்டுமானத்திலிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கோதாவரியில் அவர் கட்டிய தவளேசுவரம் அணைக்கும் அந்தப் பாடம் உதவியது.

அன்று மேடு, இன்று பள்ளம். ஆற்றின் தரை சில அடி உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஒரு மாவட்டத்தின் சோறு இடம் மாறிவிடுகிறது என்பதுதான் இரண்டிலும் பாடம். ஆகவே மணல் எடுப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்ற கணக்கு மட்டுமே கேள்வி.

அந்தக் கணக்கு 1934இல் அடியோடு மாறியது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதன்பின் பவானியிலும் அமராவதியிலும் அணைகள் எழுந்தன. மேலே கர்நாடகத்தில் எழுந்தவை வேறு. அணைகள் தண்ணீரைத் திறந்துவிடும், மணலைத் திறந்துவிடா. வேகம் இழந்த வெள்ளம் தன் சுமையை நீர்த்தேக்கத்தின் அடியில் இறக்கிவைத்துவிட்டுத் தெளிந்த நீராகக் கீழே வருகிறது. அணை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். டெல்டா உண்பதே அதனால்தான். ஆனால் அணைக்குப் பின் திருச்சிக்கு வந்து சேரும் மணல் மிகச் சொற்பம். இன்று கொள்ளிடத்திலும் காவிரியிலும் கிடக்கும் மணலில் பெரும்பகுதி, அணைகளுக்கு முந்தைய பன்னூறு ஆண்டுகளின் வெள்ளங்கள் சேர்த்து வைத்தது.

கடைத்தெருக்காரர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். வட்டியை எடுத்துச் செலவழிப்பவன் குடித்தனக்காரன். முதலையே எடுத்துச் செலவழிப்பவன் கடையை மூடப்போகிறவன். அணைக்கு முன் ஆற்றில் மணல் எடுத்தவர்கள் வட்டியை எடுத்தார்கள். நாம் எடுத்துக்கொண்டிருப்பது முதல். அதை நாம் 'வருவாய்' என்று எழுதி வைத்திருக்கிறோம்.

2003இல் தமிழக அரசு ஆற்று மணல் எடுப்பதைத் தனியாரிடமிருந்து தன் கைக்கு மாற்றிக்கொண்டது. கொள்ளை நிற்கும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. 2016இலும் 2020இலும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வந்தன. எடுக்கும் மணலுக்கு ஈடாக ஆறு எவ்வளவு மணலை மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறது என்று ஆய்ந்த பின்னரே அனுமதி என்று அவை சொல்கின்றன. ஆக, வட்டி எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடு என்ற அறிவு சட்டத்துக்கு வந்துவிட்டது. பொக்லைன் எந்திரத்தின் கைக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

2018 ஆகஸ்டு மாதத்தைத் திருச்சி மறக்காது. மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடத்தில் கரை தொட்டு வெள்ளம் போனது. 1928இல் கட்டப்பட்டு, புதிய பாலம் வந்தபின் 2016இல் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சில சரிந்து, அதன் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. சில நாட்களில், ஆகஸ்டு 22 இரவு, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. முதுமையும் வெள்ளத்தின் வேகமுந்தான் காரணம் என்றது அரசுத் தரப்பு. மணல் அள்ளியதால் அடித்தளம் வலுவிழந்தது என்றனர் விவசாயிகள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. மேலணை 182 ஆண்டுகள் நின்றது. மணலில் அடித்தளம் போட்டு நின்றது. மணல்மேல் நிற்கும் ஒன்றின் அருகில் மணலை எடுக்கக்கூடாது என்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. புதிய கதவணைக்கு ஆன செலவு ஏறத்தாழ 387 கோடி ரூபாய். மணலால் வந்த வருவாயைப் பேசும்போது இத்தகைய செலவுகளையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.

இது நம் ஊர்த் துயரம் மட்டும் அன்று. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகம் ஆண்டுதோறும் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதன் மிகுதியாக எடுக்கும் இயற்கை வளம் அது. வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில், மேலே அணைகள் மணலை நிறுத்த, கீழே எந்திரங்கள் மணலை அள்ள, ஆற்றின் தரை இறங்கி, கடல்நீர் வயல்களுக்குள் முன்னைவிட ஆழமாக நுழைகிறது. அந்த நெல்வயல்களுக்கும் நம் கொள்ளிடக் கடைமடைக்கும் வேறுபாடு பெரிதில்லை. 2017இல் மலேசியாவிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் மணல் வந்தது. காவிரி பாயும் நாட்டுக்குக் கடல் கடந்து மணல் வருகிறது என்று பழம்புலவர் எவரிடமேனும் சொல்லியிருந்தால் அதை இல்பொருள் உவமை என்று எண்ணியிருப்பார்.

பழமையெல்லாம் பசுமை என்று சொல்லும் நோக்கமும் நமக்கில்லை. பட்டினப்பாலையைப் படித்தவர்கள் அறிவார்கள். கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும் குளங்கள் தோண்டியதையும் ஒரே மூச்சில் புகழ்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காட்டை அழித்ததற்காக வருந்தவில்லை. முன்னோர் இயற்கையைத் தொடாமல் வாழ்ந்தவர்கள் அல்லர். ஆயினும் தொட்ட இடத்தில் ஒரு குளத்தைத் திருப்பி வைத்தார்கள். எடுப்பதும் வைப்பதும் ஒரே அரசனின் கடமையாகப் பார்க்கப்பட்டன. நாம் எடுப்பதைப் பொதுப்பணி என்றும், வைப்பதைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்றும் பிரித்துவிட்டோம்.

இனி அந்த மாணவனின் கேள்வி. அவன் தந்தைக்கு என்ன வழி?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாட்டுவண்டியும் பொக்லைனும் ஒன்றல்ல. ஒரு வண்டி மணலை அள்ள மண்வெட்டியும் கூடையும் வியர்வையும் வேண்டும். மாடு இழுக்கும் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. ஆள் நின்று அள்ளும் ஆழத்துக்குக் கீழே போகவும் முடியாது. அந்தத் தொழிலின் வரம்பு தொழிலாளியின் உடம்பிலேயே இருக்கிறது. எந்திரத்துக்கு அந்த வரம்பு இல்லை. அது லாரியை நிரப்பும் வேகத்தில் வண்டிக்காரர் கூடையைக்கூட நிரப்ப முடியாது. ஆனால் தடை என்று வரும்போது முதலில் பறிமுதலாவது மாட்டுவண்டிதான். தங்களுக்கெனத் தனிக் குவாரி வேண்டும் என்று மாட்டுவண்டித் தொழிலாளர்கள் திருச்சியில் பலமுறை போராடியிருக்கிறார்கள். மணல் காப்போம் என்று மேடை ஏறிய நம்மில் எத்தனை பேர் அந்தப் போராட்டப் பந்தலில் போய் உட்கார்ந்தோம்?

ஆகவே நம் பதில் இது. ஆறு ஆண்டுதோறும் தரும் வட்டி எவ்வளவு என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் அளக்க வேண்டும்; அளந்ததைக் கரையோர ஊராட்சிகளின் பலகையில் எழுதிப் போட வேண்டும். அந்த வட்டி மிகச் சிறிதாகத்தான் இருக்கும். லாரிகளுக்குப் போதாது, ஆனால் கரையோரத்து மாட்டுவண்டிகளுக்குப் பெருமளவு போதும். அதில் முதல் உரிமை அவர்களுக்கே. எந்திரங்கள் ஆற்றைவிட்டு முற்றிலும் வெளியேற வேண்டும். குடிநீர்க் கிணறுகள், அணைகள், பாலங்கள், வாய்க்கால் தலைமதகுகள் இவற்றின் அருகே கூடையும் இறங்கக்கூடாது. வட்டி வராத வறட்சி ஆண்டில் வண்டிக்காரர்களுக்கு வேறு வேலை தரவேண்டியது அரசின் பொறுப்பு. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. கடலில் ஒப்புக்கொண்ட நியாயத்தை ஆற்றில் ஏன் ஒப்புக்கொள்ளக்கூடாது? அவர்களுக்குச் செய்ய வேலையும் இருக்கிறது. சீமைக்கருவேலை அகற்றுவதும் வாய்க்கால்களைத் தூர்வாருவதும் ஆற்றை அறிந்த அந்தக் கைகளுக்கு ஏற்ற பணிகள்தாம்.

அடுத்தது நம் பங்கு. வீடு கட்டுகிறவர்களின் பங்கு. ஆற்று மணலுக்கு மாற்றாக எம்-சாண்ட் வந்துவிட்டது. 2023இல் தமிழக அரசு அதற்கென ஒரு கொள்கையையும் வெளியிட்டது. நல்லது. ஆனால் எம்-சாண்ட் வானத்திலிருந்து விழுவதில்லை. மலையை உடைத்து அரைத்தால் வருவது. குன்றும் முதல்தான், வட்டி அன்று. ஆற்றை விட்டுவிட்டு மலைக்குத் தாவுவதால் கடன்காரன் மாறுகிறானே தவிரக் கடன் தீர்வதில்லை.

குறைவாகக் கட்டுவது பற்றி நாம் பேசத் தயங்குகிறோம். வீடற்றவர் வீடு கட்டக்கூடாது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நம் ஊரிலேயே பார்க்கிறோம். திருவரங்கத்துத் தென்னந்தோப்புகளும் வயல்களும் அடுக்குமாடிகளாக எழுந்தன. அவற்றில் எத்தனை சன்னல்கள் வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் திறக்கின்றன என்பதைத் தெருவில் நடப்பவர்கள் அறிவார்கள். கேரளத்தில் லாரி பேக்கர் பல பத்தாண்டுகள் கட்டிக் காட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திவைத்து உள்ளே இடைவெளி விட்டுக் கட்டும் சுவரில் செங்கல்லும் சாந்தும் மிச்சமாகின்றன. மேற்பூச்சு இல்லாத சுவரில் பூச்சு மணல் முழுக்கவே மிச்சமாகிறது. வீடு வெக்கையும் குறைந்து நிற்கிறது. நாம் 2011இல் வீடு கட்டியபோது கொத்தனார் ஒருவர், பின்பக்கச் சுவரைப் பூசாமல் விடலாமா என்று கேட்டார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எண்ணிப் பூசச் சொன்னோம். அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை.

இவ்வளவும் செய்தால் வளர்ச்சி குறையுமே என்பார்கள். யாருடைய வளர்ச்சி என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆற்றில் ஊற்று வற்றியபோது நம் போன்றோருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டோம்; அதுவும் போதாதபோது வாரம் இரண்டு கேன் தண்ணீர் வாங்கினோம். ஊற்றுத் தோண்டிக் குடம் சுமந்த பெண்ணுக்குத்தான் இழப்பு. முன்பு அவளுக்கு விலையில்லாமல் கிடைத்தது இப்போது விலைக்குக் கிடைக்கிறது. அந்த விலை நாட்டின் உற்பத்திக் கணக்கில் வளர்ச்சியாகச் சேரும். மணலை விற்ற பணமும் சேரும். தண்ணீர் விற்ற பணமும் சேரும். இரண்டுக்கும் நடுவே அவள் ஏழையானது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

ஆகையால்தான் தராசு தவறு என்கிறோம். இயற்கை ஒரு தட்டிலும் ஏழையின் நல்வாழ்வு மறு தட்டிலுமாக இல்லை. ஆற்றோர ஏழையின் நல்வாழ்வு அந்த மணலுக்குள்தான் நீராக இருந்தது. பணமுள்ளவனுக்கு ஆறு கெட்டால் வேறு வழி உண்டு; ஏழைக்கு ஆறுதான் வழி. மணலைக் காப்பது பறவைகளுக்கும் பாட்டுக்கும் மட்டும் என்று நினைத்துப் பேசியதால்தான், அந்த மாணவனுக்கு நாம் எதிர்த்தரப்பாகத் தெரிந்தோம். அவன் தந்தையை முன்னிறுத்திப் பேசியிருந்தால் அவன் எழுந்து நின்றிருக்க வேண்டியதே இல்லை.

திருவரங்கம் கோயிலுக்கு ஐப்பசி மாதம் முழுவதும் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் திருமஞ்சன நீர் யானைமீது வரும். மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வரும். ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் தருகிறார். நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றைக் கவனிக்கலாம். ஆற்றிடம் வாங்குவதும் ஆற்றுக்குக் கொடுப்பதும் ஒரே மரபின் இரு கைகளாக இங்கே இருந்திருக்கின்றன. ஆனால் ஆறு வறண்டிருந்த சில ஆடிப் பெருக்குகளில், அதே படித்துறையில் ஆழ்குழாய் நீரைத் தெளிக்கும் குழாய்களின்கீழ் மக்கள் தலையை நனைத்துக்கொண்டு போனதையும் பார்த்தோம். குழாய்க்கு அடியில் நின்று காவிரியைக் கும்பிட்ட முதியவள் ஒருத்தி, "மணல் இருந்தாலாவது ஊத்து பறிச்சுக் குளிச்சிருப்போம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நாம் இவ்வளவு நீளமாக எழுதியதை அவள் ஒரே தொடரில் முடித்துவிட்டாள்.

இதை வாசிக்கும் நண்பர்கள் தங்கள் ஊர் ஆற்றின் கணக்கையும் எழுத வேண்டுகிறோம். வைகையோ, பாலாறோ, தாமிரபரணியோ. முப்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு ஆழத்தில் ஊற்று வந்தது, இன்று எவ்வளவு ஆழத்தில் வருகிறது, உங்கள் வீட்டுச் சுவருக்குள் எத்தனை யூனிட் இருக்கிறது என்று எழுதுங்கள். பெரியவர்களைக் கேட்டாலே போதும். அவர்களுக்கு அடி கணக்கு நினைவிருக்கும்.

அடுத்த பருவத்திலும் நாடுகாண் காதை பாடத்தில் இருக்கிறது. அரங்கம் என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் இடம் வந்ததும், அந்த மாணவன் கேட்ட கேள்வியையும் அதற்கு நாம் தேடிய பதிலையும் வகுப்பில் சொல்வதாக இருக்கிறோம். நம் வீட்டின் பதினெட்டு யூனிட்டையும் மறைக்காமல். பூசாமல் விட்டிருக்கக்கூடிய பின்சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.